விலங்கினப் படிநிலையும் மனித அறமும்: இயல்பு அறத்திற்குச் சான்றாகுமா?

முன்னுரை

கூடி வாழும் விலங்குகளிடையே உயர்வு தாழ்வு உண்டு என்பது இருபதாம் நூற்றாண்டு விலங்கியல் நிறுவிய உண்மைகளுள் ஒன்று. கோழி, குரங்கு, கழுதைப்புலி, குளவி, மீன் எனப் பலவகை உயிர்களிலும் எது முந்தி உண்ணும், எது விலகி வழிவிடும் என்பதற்கு ஓர் ஒழுங்கு அமைந்திருக்கிறது. இவ்வொழுங்கினை ஆதிக்கப் படிநிலை என்பர். இவ்வுண்மை விலங்கியலின் எல்லைக்குள் நின்றுவிடவில்லை. 'விலங்குகளிடத்தும் மேல் கீழ் உள்ளது. ஆகவே மக்களிடையே நிலவும் ஏற்றத்தாழ்வும் இயற்கையானதே. இயற்கையானதை மாற்ற முயல்வது வீண்' என்னும் வாதம் மேடையிலும் எழுத்திலும் அன்றாடப் பேச்சிலும் எடுத்தாளப்படுகிறது. பிறப்பினால் மக்களை அடுக்கிவைத்த இந்தியச் சமூகத்தில் இவ்வாதத்தின் விளைவு ஏட்டளவில் முடிவதன்று. யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், யார் எத்தொழில் செய்யலாம் என்பன போன்ற வாழ்வியல் வினாக்களை அது தொடுகிறது.

இவ்வாதத்தில் மூன்று கூறுகள் பொதிந்துள்ளன. படிநிலை ஒவ்வோர் உயிரின் உள்ளார்ந்த தகுதியைக் காட்டுகிறது என்பது முதலாவது. அது மாறாதது என்பது இரண்டாவது. இயற்கையில் உள்ளது அறத்திற்கும் உகந்தது என்பது மூன்றாவது. முதலிரண்டும் உண்மை பற்றியவை. அவற்றை விலங்கியல் சான்றுகளால் சோதிக்கலாம். மூன்றாவது அறம் பற்றியது. அதனைத் தருக்கத்தால் சோதித்தல் வேண்டும். இம்மூன்றையும் முறையே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொத்து வரிசை

ஆதிக்கப் படிநிலை பற்றிய அறிவியல் ஆய்வு கோழிகளிலிருந்து தொடங்குகிறது. நார்வே நாட்டு அறிஞர் தோர்லீப் ஷெல்டெருப்-எப்பெ வீட்டுக் கோழிகளை இளமை முதலே உற்று நோக்கியவர். 1922இல் வெளியான அவருடைய ஆய்வு, கோழிகள் ஒன்றையொன்று கொத்துவது தாறுமாறாக நிகழ்வதில்லை என்று காட்டியது. ஒரு கோழி மற்றொன்றைக் கொத்தினால், கொத்துண்ட கோழி திருப்பிக் கொத்தாமல் தனக்குக் கீழ்ப்பட்ட வேறொன்றைக் கொத்துகிறது. இவ்வாறு அமைவதே கொத்து வரிசை எனப் பெயர் பெற்றது. வரிசை நிலைபெற்ற பின்னர்க் கூட்டத்தில் சண்டை குறைந்துவிடுகிறது என்பதும் அறியப்பட்டது.

ஷெல்டெருப்-எப்பெ கண்ட மற்றோர் உண்மை பலரால் மறக்கப்பட்டது. சில கூட்டங்களில் முதற்கோழி இரண்டாவதனைக் கொத்தும். இரண்டாவது மூன்றாவதனைக் கொத்தும். மூன்றாவதோ முதற்கோழியையே கொத்தும். இத்தகைய வட்டத்தில் 'உயர்ந்தது எது' என்னும் வினாவிற்கே விடையில்லை. இதனால் ஒரு கருத்துத் தெளிவாகிறது. ஆதிக்கம் என்பது எடையையோ நிறத்தையோ போலத் தனியுயிரின் பண்பன்று. இரண்டு உயிர்களுக்கு இடையிலான உறவு. ஒரு கூட்டத்தில் கடைசியாய் நிற்கும் கோழி பிறிதொரு கூட்டத்தில் முதலாய் நிற்கக்கூடும். கோழி அதுவே, உறவுகள் வேறு.

வரிசை அமையும் முறை

உறவுகள் பலவாயினும் அவை பெரும்பாலும் ஒரே நேர்வரிசையில் அமைவது ஏன் என்பது அடுத்த வினா. இது தோன்றுமளவு எளியதன்று. பத்துக் கோழிகளுள் 45 இணைகள் உண்டு. ஒவ்வோர் இணையிலும் வெற்றி தோல்வி நாணயம் சுண்டியதுபோல் முடிவாகுமாயின், முழு நேர்வரிசை உண்டாவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 97 இலட்சத்தில் ஒன்றே. ஆகவே நேர்வரிசை தற்செயலாய் உண்டாவதன்று. அதற்கொரு காரணம் இருத்தல் வேண்டும்.

வலிமையே காரணம் என்பது பலருக்கும் உடனே தோன்றும் விடை. வலியது மேலும் மெலியது கீழுமாக நிற்பது இயல்புதானே என்பர். எச். ஜி. லாண்டவ் என்பார் 1951இல் கணித முறையில் இவ்விடையைச் சோதித்தார். வெற்றியை உறுதி செய்யும் கூறுகள் பல. உடலளவு, வயது, இயக்குநீர், துணிவு, அனுபவம் எனத் தனித்தனியே வேறுபடுபவை. இக்கூறுகளின் வேறுபாடு மட்டுமே வரிசையை அமைக்கிறது எனக் கொண்டால் வலுவான நேர்வரிசை தோன்றுவது அரிது என்பது அவருடைய முடிவு. வலிமை வேறுபாட்டிற்குப் பங்கில்லை என்று அவர் கூறவில்லை. அது மட்டும் போதாது என்பதையே காட்டினார்.

இம்முடிவு பின்னர் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டது. ஐவன் சேஸ் என்பாரும் உடன் ஆய்வாளர்களும் சிக்லிட் வகை மீன்களை நான்கு நான்காகத் தொட்டிகளில் விட்டு, வரிசை அமைந்தபின் அவற்றைப் பிரித்து, இரு வாரங்கள் கழித்து அதே நான்கையும் மீண்டும் ஒன்றுசேர்த்தனர். உள்ளார்ந்த தகுதியே இடத்தை உறுதி செய்வதாயின் பழைய வரிசையே மீள வேண்டும். 2002இல் வெளியான முடிவுகளின்படி, 27 விழுக்காட்டுக் குழுக்களில் மட்டுமே ஒவ்வொரு மீனும் தன் பழைய இடத்தைப் பெற்றது. எனினும் பெரும்பாலான குழுக்களில் நேர்வரிசை என்னும் வடிவம் மீண்டும் உண்டாயிற்று. வடிவம் நிலைத்தது, இடங்கள் மாறின. வரிசை என்னும் ஒழுங்கும், அவ்வொழுங்கில் எவ்வுயிர் எங்கே நிற்கிறது என்பதும் வெவ்வேறு காரணங்களை உடையவை என்பது இதனாற் புலனாகிறது.

அக்காரணங்களுள் முதன்மையானது வெற்றி தோல்விகளின் தொடர்விளைவு. ஒருமுறை வென்ற விலங்கு அடுத்த சண்டையிலும் வெல்லும் வாய்ப்பு மிகுகிறது. ஒருமுறை தோற்றது அடுத்த சண்டையிலும் தோற்கும் வாய்ப்பு மிகுகிறது. எதிர்நிற்பது புதிய விலங்காயினும் இவ்விளைவு நிகழ்கிறது. மீன், பறவை, பூச்சி எனப் பல உயிர்களிடத்தும் இது காணப்பட்டுள்ளது. தொடக்கத்தில் ஏறக்குறைய நிகரான இரண்டில் ஒன்று தற்செயலாய் முந்திவிட்டால், அம்முந்துதலே அடுத்த முந்துதலுக்கு வழியாகிறது. இறுதியில் காண்பவர் கண்ணுக்கு மேல்நிலை விலங்கு துணிவுடையதாகவும் கீழ்நிலை விலங்கு கோழையாகவும் தோன்றும். அத்துணிவும் கோழைமையும் வரிசையின் காரணங்களாகக் கருதப்படும். உண்மையில் அவை பெரும்பகுதி வரிசையின் விளைவுகளே.

பிறப்பும் படிநிலையும்

பிறப்பினால் வரும் படிநிலை விலங்குகளிடத்தும் உண்டு. ஜப்பானியக் குரங்குகளை ஆராய்ந்த கவாமுரா, கவாய் ஆகியோர் 1958இல் இதனை வெளியிட்டனர். பெண் குரங்கு தன் தாயின் இடத்திற்கு அடுத்த இடத்தைப் பெறுகிறது. உயர்நிலைத் தாயின் குட்டி, தன்னினும் பெரிய கீழ்நிலைக் குரங்கையும் விலக்குகிறது. இந்தியச் செம்முகக் குரங்குகளிடத்தும் இவ்வமைப்பு உண்டு. 1938இல் இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, போர்ட்டோ ரிக்கோவை அடுத்த காயோ சாந்தியாகோ தீவில் விடப்பட்ட குரங்குகளின் வழித்தோன்றல்கள் இதற்குச் சான்றாகின்றன.

பிறப்பால் வரும் இடம் குருதியால் வரும் இடம்தானா என்பது ஆராயத்தக்கது. இதற்கு ஆப்பிரிக்கப் புள்ளிக் கழுதைப்புலிகள் விடை தருகின்றன. இவ்வினத்திலும் குட்டி தாயின் நிலையை ஒட்டியே இடம் பெறுகிறது. அரிதாகச் சில குட்டிகள் ஈன்ற தாயையன்றி வேறொரு தாயால் வளர்க்கப்படுவதுண்டு. மரியன் ஈஸ்ட் முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, அத்தகைய குட்டிகள் வளர்த்த தாயின் நிலையை ஒட்டியே இடம் பெற்றன. ஈன்ற தாயின் நிலை அவற்றைத் தொடரவில்லை. குட்டியின் சண்டையில் தாய் தலையிடுகிறது. உறவுகள் துணை நிற்கின்றன. எதிர்ப்பட்டவை விலகக் கற்றுக்கொள்கின்றன. வழிவழி வருவது துணையாகிய ஆதரவு. குருதியில் ஊறிய மேன்மை என ஒன்றை இங்குக் காண இயலவில்லை.

ஆகவே 'படிநிலை தகுதியைக் காட்டுகிறது' என்னும் முதற்கூறு விலங்குகளைப் பொறுத்தவரையிலேயே நிலைபெறவில்லை. மனிதரிடத்து அதனை ஏற்றிக் கூறுவதற்கு முன்பே அதன் அடித்தளம் தளர்ந்துவிடுகிறது.

மாறாமை என்னும் கற்பிதம்

ஓநாய்க் கூட்டத்திற்குத் தலைமை ஓநாய் ஒன்று உண்டு என்பதும், அது சண்டையிட்டுத் தலைமையைப் பெறுகிறது என்பதும் உலகெங்கும் பரவிய செய்தி. இதன் மூலம் ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட ஆய்வு. அவர் கண்டவை பாசல் நகர விலங்குக் காட்சிச்சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்கள். டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட நூல் இக்கருத்தைப் பரப்பியது. அவரே காட்டு ஓநாய்களைப் பல்லாண்டுகள் அருகிருந்து கண்டபின், 1999இல் அதனைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பம். தலைமை எனப்பட்டது பெற்றோரின் வழிநடத்தல். ஓரிடத்தில் அடைத்ததனால் விளைந்த மோதல் ஓநாயின் இயல்பெனக் கொள்ளப்பட்டிருந்தது. சூழல் உண்டாக்கியதை இயற்கையின் மேல் ஏற்றிக் கூறும் பிழைக்கு இது தக்க சான்றாகும்.

கென்யாவின் பபூன் குரங்குக் கூட்டம் ஒன்று மற்றொரு சான்று. 1980களின் நடுவில், சுற்றுலா விடுதி ஒன்றின் குப்பைக்குழியில் கிடைத்த நோயுற்ற இறைச்சியால் காசநோய் பரவியது. அக்குழிக்குச் சென்று பிற கூட்டத்தோடு போரிட்டு உண்ட முரட்டு ஆண்கள் இறந்தன. போர்க்குணம் குறைந்த ஆண்களும் பெண்களும் எஞ்சின. கூட்டத்தில் துன்புறுத்தல் குறைந்தது. 1993க்குள் எஞ்சிய ஆண்களும் மறைந்து, வேறு கூட்டங்களிலிருந்து புதிய ஆண்கள் வந்து சேர்ந்திருந்தன. ஆயினும் அவ்வமைதி தொடர்ந்தது. ராபர்ட் சபோல்ஸ்கி, லிசா ஷேர் ஆகியோர் 2004இல் இதனை வெளியிட்டனர். படிநிலை அங்கு அழிந்துவிடவில்லை. அதன் கொடுமை குறைந்தது. வந்தவை அக்கூட்டத்தின் ஒழுகலாற்றைக் கற்றுக்கொண்டன.

காயோ சாந்தியாகோ தீவை 2017இல் மரியா புயல் தாக்கியது. மரங்கள் அழிந்தன, நிழல் அரிதாயிற்று. செம்முகக் குரங்குகள் சண்டைக்குப் பெயர்பெற்றவை. அரிதாகிய நிழலுக்காக அவை மேலும் போரிடும் என எதிர்பார்ப்பது இயல்பு. மாறாக, அவை ஒன்றையொன்று பொறுத்து ஒரே நிழலில் அமர்ந்தன என்பதையும், அவ்வாறு பொறுத்துக்கொண்டவை உயிர்பிழைக்கும் வாய்ப்பு மிகுந்தது என்பதையும் 2024இல் வெளியான ஆய்வு காட்டியது.

மேல்நிலை என்பது எங்கும் ஒரே பொருளுடையதும் அன்று. தீபகற்ப இந்தியாவில் வாழும் ரோபாலிடியா மார்ஜினேட்டா என்னும் குளவியினத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் நெடுங்காலம் ஆராய்ந்தார். அக்கூட்டின் அரசி கூட்டத்திலேயே மிகுந்த ஆதிக்கம் செலுத்துவது அன்று, அது சாதுவானது. இனப்பெருக்கம் அதற்கேயுரியதாயினும் அது பிறவற்றைத் தாக்கி அவ்வுரிமையைக் காப்பதில்லை. அரசியை அகற்றினால் வேலைக்குளவிகளுள் ஒன்று திடீரென மிகுந்த முரட்டுத்தன்மை கொண்டு, சில நாள்களில் தணிந்து, புதிய அரசியாகிறது. பிற குளவிகள் அதனை எதிர்ப்பதில்லை. ஆதிக்கம், இனப்பெருக்கம், தலைமை ஆகிய மூன்றும் ஒன்றே என்னும் எண்ணத்தை இச்சிறு குளவி மறுக்கிறது.

இயல்பும் அறமும்

மேற்கண்ட சான்றுகள் வேறு விதமாக அமைந்திருப்பின் என்னாகும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். எல்லா விலங்குகளிடத்தும் மாறாத, தகுதிவழிப்பட்ட படிநிலையே காணப்பட்டிருப்பினும், மக்களும் அவ்வாறே வாழ வேண்டும் என்பது பெறப்படுமா? பெறப்படாது. 'உள்ளது' என்னும் கூற்றிலிருந்து 'வேண்டும்' என்னும் கூற்றுக்குச் செல்ல இடையே வேறொரு காரணம் தேவை என்பதை டேவிட் ஹ்யூம் 1739-40இல் வெளியான தம் நூலில் சுட்டினார். ஜி. ஈ. மூர் 1903இல் இயற்கைப் பண்பையும் நன்மையையும் ஒன்றாகக் கொள்ளும் பிழையை விளக்கினார். கழுதைப்புலி தன் உடன்பிறப்பைக் கொல்வதுண்டு; அதனைக் காட்டி உடன்பிறந்தார் கொலையை நியாயப்படுத்துவார் எவருமிலர். விலங்கியலிலிருந்து வேண்டியதை மட்டும் தெரிந்தெடுப்பவர், முன்னரே கொண்ட முடிவுக்குப் பின்னர்ச் சான்று தேடுபவரே ஆவர்.

இப்பிழைக்கு மொழியும் துணைபோகிறது. தமிழில் 'வரிசை' என்னும் சொல் ஒன்றன்பின் ஒன்றாய் நிற்றலையும் குறிக்கும். ஒருவர்க்குச் செய்யும் சிறப்பையும் குறிக்கும். 'முறை' என்பது அடைவு, வழக்கம், உறவு, நீதி ஆகிய பொருள்களை ஒருங்கே தாங்கி நிற்கிறது. அடைவாய் நிற்பது வழக்கமாகி, வழக்கம் நீதியாகும் வழி அச்சொல்லுக்குள்ளேயே திறந்து கிடக்கிறது. சொல்லின் பொருள்விரிவு தருக்கத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளாவண்ணம் காப்பது அறஆய்வின் கடமையாகும்.

இத்தருக்கம் மறுபக்கத்திற்கும் பொருந்தும். போனபோ குரங்கினத்தில் பெண்கள் ஒன்றுசேர்ந்து ஆண்களின் முரட்டுத்தன்மையை அடக்குகின்றன. இதனைச் சமத்துவத்திற்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். அதுவும் ஏற்கத்தக்கதன்று. சமத்துவம் அறமாவது போனபோக்களால் அன்று. செம்முகக் குரங்குகள் மாறியதாலும் அன்று. அவமதிக்கப்படும் மனிதர்க்கு அவ்வவமதிப்பு உறைக்கிறது என்பதும், அதனைச் செய்வோர்க்கு அதற்கு மறுமொழி கூறும் கடமை உண்டு என்பதுமே அதன் அடிப்படை.

தடையும் விடையும்

படிநிலை சண்டையைக் குறைத்து அமைதியைத் தருகிறது. ஆகவே அது நன்மை பயப்பது என ஒரு தடை எழலாம். கோழிக்கூட்டத்தில் இது உண்மையே. ஆயின் அமைதியின் விலையை யார் செலுத்துகின்றனர் என்பது கேட்கப்பட வேண்டும். ஒதுங்கக் கற்றுக்கொண்ட உயிர் ஒதுங்குவதனாலேயே சண்டை நிகழவில்லை. அவ்வமைதி உடன்பாட்டினால் வந்ததன்று. மேலும், மேல்நிலையும் இடுக்கணின்றி அமைவதில்லை. கென்யாவின் அம்போசெலிப் பபூன்களிடத்து, முதல்நிலை ஆணின் அழுத்த இயக்குநீர் அளவு இரண்டாம் நிலை ஆணினதைவிட மிகுதி என்பது 2011இல் அறியப்பட்டது.

ஒழுங்கின்றி மனிதச் சமூகம் இயங்காது என்பது மற்றொரு தடை. மருத்துவமனையிலும் கப்பலிலும் கட்டளையிடுவோரும் கேட்போரும் தேவை என்பது உண்மை. அவ்வொழுங்கு ஒரு பணியை ஒட்டியது. பணி முடிந்ததும் முடிவது. காரணம் கேட்கப்படின் கூறத்தக்கது. பிறப்புவழிப் படிநிலைக்கு இவை மூன்றும் இல்லை. அது பணிக்கு அப்பாலும் மனிதனைத் தொடர்கிறது, பிள்ளைக்கும் செல்கிறது, காரணம் கேட்பதையே குற்றமாக்குகிறது. அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில், சாதி உழைப்பைப் பிரிப்பதோடு நில்லாமல் உழைப்போரையே பிரித்து அடுக்குகிறது என்று காட்டியதன் கருத்து இதுவே எனலாம்.

எவரும் திட்டமிடாமல் சிறு நிகழ்ச்சிகள் திரண்டு படிநிலை உண்டாகுமாயின் அதற்கு யாரைப் பொறுப்பாக்குவது என்னும் வினா இவற்றினும் கடினமானது. தோன்றியதற்குப் பொறுப்பும் தொடர்வதற்குப் பொறுப்பும் வேறு வேறு. தொட்டியில் உள்ள மீன் தன் இடம் எவ்வாறு வந்தது என அறியாது. மனிதன் அறியக்கூடியவன். தொல்காப்பிய மரபியல் மக்களை ஆறறிவுடையோராகக் கொண்டு, ஆறாம் அறிவாக மனத்தைக் கூறுகிறது. தானிருக்கும் ஒழுங்கை எண்ணிப் பார்த்து, அது ஏன் என வினவுதல் அம்மனத்தின் செயல். வினவ வல்லவர் வினவாது ஏற்றுக்கொண்டால், தோன்றுகையில் எவர் செயலுமன்றி இருந்த படிநிலை அவர் செயலாகிவிடுகிறது.

அவ்வாறு வினவிய சமூகங்கள் வரலாற்றில் உண்டு. வேட்டையாடி உண்ணும் சிறு சமூகங்கள் பலவற்றில் தலையெடுப்போரைப் பிறர் கூடி அடக்கும் வழக்கம் உண்டென்பதைக் கிறிஸ்டோபர் போம் 1999இல் விரிவாகக் காட்டினார். கலகாரிப் பகுதியின் குங் மக்கள், பெரிய வேட்டையோடு வரும் வேடனின் இறைச்சியை வேண்டுமென்றே இழித்துப் பேசுவதை ரிச்சர்ட் லீ பதிவு செய்துள்ளார். வேடன் செருக்கடைந்து பிறரை ஆளத் தலைப்படாதிருக்க அவர்கள் கைக்கொண்ட ஏற்பாடு அது. ஆதிக்க நாட்டம் மனிதரிடம் இல்லை என அவர்கள் எண்ணியிருந்தால் இத்தகைய காவல் தேவைப்பட்டிராது. நாட்டம் இயல்பு என அறிந்தே அதனைத் தடுத்தனர்.

முடிவுரை

இக்கட்டுரையின் வழிப் பின்வருவன பெறப்படுகின்றன.

1. விலங்குகளின் ஆதிக்கப் படிநிலை உறவுகளால் ஆனது. தனியுயிரின் தகுதியை மட்டும் கொண்டு அதனை விளக்க இயலாது.

2. முந்தைய வெற்றி தோல்விகள், உறவினர் ஆதரவு, சூழல் ஆகியன இடங்களை அமைக்கின்றன. பிறப்புவழி இடமும் ஆதரவுவழி இடமே என்பதை வளர்ப்புக் குட்டிகள் காட்டுகின்றன.

3. படிநிலையின் கடுமை மாறக்கூடியது. விலங்குகளிடத்தேயே அது மாறியுள்ளது.

4. இவை எவ்வாறாயினும், இயல்பு ஒன்றே அறத்திற்குச் சான்றாகாது. ஏற்றத்தாழ்வுக்கும் ஆகாது, சமத்துவத்திற்கும் ஆகாது.

விலங்கியலால் அறத்திற்குப் பயனே இல்லை என்பது இதன் கருத்தன்று. தோற்றது மீண்டும் தோற்பதும், தோல்வியின் விளைவே தோல்வியின் காரணமாய்த் தோன்றுவதும் கோழியிடத்தும் மீனிடத்தும் தெளிவாகக் காணக்கிடக்கின்றன. ஒரு பிள்ளை வகுப்பறையின் கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருப்பதைக் காணும் ஆசிரியர், அக்குனிவை அப்பிள்ளையின் இயல்பெனக் கொள்வதற்கு முன், அது எத்தனை தலைமுறைத் தோல்விகளின் சுவடு என வினவுவாராயின், இவ்வாய்வுகள் பயன் தந்தனவாகும்.